குச்சிக்கிழங்குல ஈஸ்ட் போட்டு எரிபொருள் எடுக்கப் பாத்தேன், புளிச்ச தண்ணிதான் வந்துச்சு. என்ன தப்பு பண்ணுனேன்?

குச்சிக்காட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு ராசிபுரம் பக்கம். நாலு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, இருக்குது, முள்ளுவாடி ரகம் ரெண்டு, தாய்லாந்து ரகம் ரெண்டு. இந்தத் தடவ வெலையே இல்லீங்க. புரோக்கர் வந்து டன்னு அஞ்சாயிரம்ங்கறாரு, அதுலயும் பாயிண்ட் (கிழங்குல இருக்கற மாவுச்சத்து அளவு) கம்மின்னு புடிச்சுக்கறாங்க, புடுங்கற கூலி, ஏத்துக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போச்சுன்னா பத்து மாசம் காட்டுல நின்னதுக்கு என்ன மிச்சம்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

அதனால ஒரு யோசனை. மரவள்ளில எத்தனால் எடுக்கறாங்க, பெட்ரோல்ல கலக்கறாங்கன்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே, நம்ம கெணத்துல இருக்கற 5 ஹெச்பி டீசல் இஞ்சினுக்காவது நாமளே எடுத்துக்கலாம்னு ட்ரை பண்ணுனேன். 40 கிலோ கிழங்கு தோல் சீவி, தேங்காத் துருவற மாதிரி மிஷின்ல துருவி, 200 லிட்டர் ப்ளாஸ்டிக் ட்ரம்ல போட்டு 100 லிட்டர் தண்ணி ஊத்தி, பேக்கரிக்காரர்ட்ட ஈஸ்ட் வாங்கி வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு ஊத்துனேன். மூடி போட்டு ஒரு ட்யூப் விட்டு பாட்டில் தண்ணில முக்கி வெச்சேன்.

மொத நாள் பொழுதோட லேசா குமிழ் வந்துச்சுங்க, எனக்கு ஒரே சந்தோசம். ரெண்டாவது நாள் நின்னுபோச்சு. நாலாவது நாள் தெறந்தா மோர் மாதிரி புளிச்ச வாடை, அடியில மாவு கல்லு மாதிரி படிஞ்சு கெடக்குது, மேல தண்ணி தெளிவா நிக்குது. சாராய வாடை சுத்தமா இல்ல. ஈஸ்ட் செத்துப் போச்சா? இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போட்டா சரியாகுமா? வெல்லம் போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஷிப்ட்_கெமிஸ்ட்:

நண்பா, நான் ஒரு தானிய வடிசாலைல ஷிப்ட் பாக்கறவன், மக்காச்சோளமும் உடைஞ்ச அரிசியும்தான் எங்க மூலப்பொருள். ஆனா கிழங்குக்கும் அதே கதைதான்.

ஈஸ்ட் சாகல, பட்டினி கெடந்துச்சு. ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ச்ச, அதாவது மாவுச்சத்த, சாப்பிடத் தெரியாது. அது திங்கறது சக்கரைய, குளுக்கோஸ், மால்டோஸ் மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள. ஸ்டார்ச்ங்கறது ஆயிரக்கணக்குல குளுக்கோஸ சங்கிலி மாதிரி கோத்து, அதையும் சுருட்டி உருண்டையா பேக் பண்ணி வெச்சது. மொத நாள் வந்த குமிழ் என்னன்னா கிழங்குலயே இயல்பா கொஞ்சூண்டு சக்கரை இருக்கும், அதத் தின்னு முடிச்சிருக்கு. அப்புறம் சாப்பாடு இல்ல. அந்த நேரத்துல தோசை மாவைப் புளிக்க வெக்கற பாக்டீரியா இருக்கே, அந்த வகையறா உள்ள பூந்திருச்சு, அதான் மோர் வாடை. இனிமே அந்த ட்ரம்ல ஒரு மூட்டை ஈஸ்ட் கொட்டுனாலும் ஒண்ணும் நடக்காது. வெல்லம் போட்டா வெல்லம்தான் ஆல்கஹால் ஆகும், கிழங்கு அப்படியே அடியில படுத்திருக்கும்.

ஆலையில என்ன பண்றோம்னா மொதல்ல வேக வெப்போம். ஜவ்வரிசிய கொதிக்கிற தண்ணில போட்டா வெள்ளையா இருந்தது கண்ணாடி மாதிரி ஆகுதுல்ல, அதுதான் அந்த உருண்டை உடைஞ்சு தண்ணி குடிக்கற நேரம். மரவள்ளி ஸ்டார்ச் 60-லருந்து 70 டிகிரிக்குள்ளயே இப்படி ஆகிடும், அந்த வகையில நல்ல ஸ்டார்ச். ஆனா உடனே பசை மாதிரி கெட்டியாயிடும், கலக்கி சுத்தவே சுத்தாது. அதுக்கு ஆல்ஃபா அமிலேஸ்னு ஒரு என்சைம், 85, 90 டிகிரில கூட வேலை செய்யற டைப், அத ஊத்துனா நீள சங்கிலிய கண்ட எடத்துல வெட்டித் தள்ளும், பசை தண்ணியாயிடும். அப்புறம் 60 டிகிரிக்கு ஆறவிட்டு, புளிப்பைக் கொஞ்சம் கூட்டி பிஎச் 4.5 கிட்ட கொண்டாந்து, குளுக்கோஅமிலேஸ்னு ரெண்டாவது என்சைம். அது சங்கிலியோட நுனியிலருந்து ஒவ்வொரு குளுக்கோஸா கழட்டிக் குடுக்கும். அதுக்கப்புறம் 32 டிகிரிக்கு ஆறவெச்சு அப்புறம்தான் ஈஸ்ட். இப்பல்லாம் ரெண்டாவது என்சைமையும் ஈஸ்ட்டையும் ஒண்ணாவே போட்டுடறோம், ஒருத்தர் சமைக்க சமைக்க இன்னொருத்தர் சாப்பிடற மாதிரி, அப்பத்தான் சக்கரை ஒரேயடியா சேந்து ஈஸ்ட்ட திணறடிக்காது. ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும், நொதிச்ச கரைசல்ல ஆல்கஹால் 8-லருந்து 12 சதவீதம் வரைக்கும் இருக்கும்.

ஈஸ்ட் ஸ்டெப் இருக்கே, இந்த மொத்த வேலையிலயும் அதுதான் ஈஸி. முன்னாடி சமையலும் பின்னாடி வடிக்கறதும்தான் ஆளக் கொல்லும்.

சந்தேகமா இருந்தா பெட்டாடின் மருந்து வீட்ல இருக்கும்ல, தண்ணி கலந்து ஒரு சொட்டு அந்த அடி மாவுல விட்டுப் பாருங்க. கருநீலமா மாறுச்சுன்னா ஸ்டார்ச் அப்படியே இருக்குன்னு அர்த்தம்.

குச்சிக்காட்டுக்காரன்:

விட்டுப் பாத்தேனுங்க. இங்க் பாட்டில் கவுந்த மாதிரி கருநீலம். அப்ப நாலு நாளா நான் சும்மா கிழங்கு மாவ ஊற வெச்சிருக்கேன்.

சரி, அந்த ரெண்டு என்சைமும் சின்ன அளவுல எங்க கெடைக்கும்? அப்புறம் வடிக்கறதுக்கு பழைய பால் கேன் ஒண்ணு இருக்குது, காப்பர் பைப் சுத்தி

வழக்கறிஞர்_குமாஸ்தா:

ஐயா அங்கயே நில்லுங்க. பால் கேன், காப்பர் பைப்ன்னு பப்ளிக்ல எழுதாதீங்க.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ல வந்தது, இன்னிக்கும் அதுதான். லைசென்ஸ் இல்லாம வடிக்கறது மட்டும் இல்ல, வடிக்கறதுக்காக நொதிக்க வெச்ச கரைசல வெச்சிருக்கறதே குற்றம். நீங்க பயோஃப்யூல்னு சொல்லுவீங்க, வர்ற போலீஸ்காரர் அந்த ட்ரம்முக்கு வெச்சிருக்கற பேர் ஊறல். கள்ளக்குறிச்சில 2024 ஜூன்ல கள்ளச்சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கப்புறம் தண்டனைய இன்னும் கடுமையாக்கி சட்டத்த திருத்தியாச்சு. நீங்க சொல்ற ஊருக்கும் கள்ளச்சாராயத்துக்குப் பேர் போன கல்வராயன் மலைக்கும் எத்தனை தூரம்? "இஞ்சினுக்குங்கய்யா"ன்னு நீங்க சொன்னா யார் நம்புவா.

ஷிப்ட்_கெமிஸ்ட்:

குமாஸ்தா சார் சொல்றத அப்படியே வழிமொழியறேன். எங்க ஆலையிலயே ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு, டேங்குக்கு சீல். (கள்ளக்குறிச்சில ஆளக் கொன்னது மெத்தனால், அது நொதிச்சு வந்தது இல்ல, வெளியிலருந்து கொண்டாந்து கலந்தது. அதுக்காக வீட்ல வடிக்கறது சேஃப்னு நான் சொல்லல. ஆல்கஹால் ஆவியும் அடுப்பும் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு எங்க ஃபயர் ட்ரெய்னிங்ல காட்டுன வீடியோ இன்னும் கண்ணுலயே இருக்கு.)

சட்டத்த விடுங்க, குச்சிக்காட்டு நண்பா, நீங்க கவனிக்காம விட்ட ஒண்ணு இருக்கு. உங்ககிட்ட இருக்கறது டீசல் இஞ்சின். அதுல ஸ்பார்க் ப்ளக்கே கெடையாது, காத்த அமுக்கற சூட்லயே பத்திக்கிற எண்ணெய்தான் அதுக்கு வேணும். எத்தனால் அப்படிப் பத்திக்கவே பத்திக்காது, அது பெட்ரோல் ஜாதி. நீங்க தங்கம் மாதிரி சுத்தமான எத்தனால் எடுத்து ஊத்துனாலும் உங்க இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

அளவையும் பாப்போம். கணக்குப்படி ஒரு கிலோ ஸ்டார்ச்சுக்கு 0.72 லிட்டர் எத்தனால், அதுக்கு மேல கடவுளே வந்தாலும் வராது. ஏன்னா 180 கிராம் குளுக்கோஸ்ல 92 கிராம்தான் ஆல்கஹாலா ஆகுது, மீதி 88 கிராம் கார்பன் டை ஆக்சைடா உங்க ட்யூப் வழியா பறந்துடுது. 25 சதவீதம் ஸ்டார்ச் இருக்கற கிழங்குன்னா டன்னுக்கு 180 லிட்டர், நல்லா நடக்கற ஆலையில 150, 160. உங்க 40 கிலோவுக்கு எல்லாம் ஒழுங்கா நடந்திருந்தா ஆறு லிட்டர். எரிசக்தில அது மூணரை லிட்டர் டீசலுக்குச் சமம். அத வடிக்க நீங்க எரிக்கற வெறகு? 100 லிட்டருக்கு மேல தண்ணிய சூடு பண்ணணும், அப்பவும் சாதாரணமா வடிச்சா எடையில 95.6 சதவீதத்துக்கு மேல எத்தனால் ஏறவே ஏறாது, தண்ணியும் அதுவும் அந்த எடத்துல ஒண்ணா சேந்தேதான் ஆவியாகும். பெட்ரோல்ல கலக்கணும்னா 99.5-க்கு மேல வேணும், அதுக்கு ஆலையில சல்லடை மாதிரி ஜியோலைட் உருண்டை நெரப்புன டவர் வெச்சிருக்கோம், தண்ணிய மட்டும் புடிச்சு வெச்சுக்கும். அது பால் கேன் சமாச்சாரம் இல்ல.

லேயர்_பண்ணை:

நாமக்கல்லருந்து எழுதறேன், கோழிப்பண்ணை. என் வயித்தெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்க.

மக்காச்சோளத்த எத்தனாலுக்கு எடுக்க ஆரம்பிச்சதுலருந்து தீவனம் வெல எங்கயோ போயிருச்சு. சோள எத்தனாலுக்கு எண்ணெய் கம்பெனிங்க 2024-ல லிட்டர் 71.86 ரூபான்னு ஏத்துனாங்க, அப்புறம் யாரு எங்களுக்கு சோளம் குடுப்பா. இதுல எனக்குப் புரியாத ஒண்ணு, 2018 தேசிய பயோஃப்யூல் கொள்கையிலயே மரவள்ளிய பேர் சொல்லி போட்டிருக்காங்க, நம்ம சேலம் நாமக்கல் ஜில்லா முழுக்க கிழங்கு, வெல இல்லாம கெடக்குது. அதையே எடுத்துக்கிட்டு சோளத்த கோழிக்கு விட்டா என்னவாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நக்கலுக்கு கேக்கல.

ஷிப்ட்_கெமிஸ்ட்:

நியாயமான கேள்வி சார். நாங்களும் கேன்டீன்ல இதப் பேசிருக்கோம்.

ஒரு லிட்டருக்கு ஆறரை கிலோ கிழங்குன்னு வெச்சுக்கங்க. டன் 5000-ன்னா கிழங்கு செலவு 32, 33 ரூபா, சூப்பர் லாபம் மாதிரி தெரியும். அதே கிழங்கு அடுத்த வருசம் 11,000-க்குப் போச்சுன்னா 71 ரூபா, கிழங்குக்கே சரியாப் போச்சு, நீராவிக்கும் என்சைமுக்கும் சம்பளத்துக்கும் பட்டை நாமம். கிழங்கு வெல ஆடற ஆட்டத்துக்கு எவன் நூறு கோடி போடுவான். சோளமும் ஏறும்தான், ஆனா அத வாங்கி குடோன்ல மாசக்கணக்குல வெக்கலாம். கிழங்கு புடுங்குன மறுநாளே உள்ள நீலக்கோடு ஓட ஆரம்பிக்குது, மூணாவது நாள் ஸ்டார்ச் போச்சு.

அளவு இன்னொரு பிரச்சனை. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர்ங்கறது இப்ப சாதாரண சைஸ் ஆலை. அதுக்கு தினம் 650 டன் கிழங்கு. ஏக்கருக்கு 12 டன்னுனு வெச்சாலும் தினம் 54 ஏக்கர் புடுங்கணும், வருசத்துல 330 நாள் ஓட்டணும்னா 18,000 ஏக்கர் அந்த ஒரு ஆலைக்கே. அதுவும் வருசம் பூரா வந்துட்டே இருக்கணும், நம்ம ஊர்ல சீசனுக்குத்தான் லாரி வரிசை கட்டும், சீசன் முடிஞ்சா ஆலைக்கு பூட்டு. தாய்லாந்துக்காரங்க இத எப்படி சமாளிச்சாங்கன்னா, கிழங்க துண்டு போட்டு சிமெண்ட் களத்துல காயவெச்சு சில்லா மாத்திடறாங்க. காஞ்ச சில்லு கெடாது, மூட்டை கட்டி வெச்சு எப்ப வேணா ஓட்டலாம், ஒரு டன் சில்லுக்கு 400 லிட்டர் கிட்ட எத்தனால் வரும். நம்ம பக்கம் பச்சைக் கிழங்குதான் பழக்கம், ஜவ்வரிசிக்கு வெள்ளை நிறம் வேணும்ல.

பிரேசில் கதையும் இருக்கு. 1975-ல அவங்க எத்தனால் திட்டம் ஆரம்பிச்சப்ப கரும்போட சேத்து மரவள்ளியும் லிஸ்ட்ல இருந்துச்சு, பெட்ரோப்ராஸ் கம்பெனி குர்வேலோங்கற ஊர்ல மரவள்ளி ஆலையே கட்டுனாங்க. நிக்கல. கரும்புல ஸ்டார்ச் சமைக்கற வேலையே இல்ல, சாறு புழிஞ்சதும் ஈஸ்ட் போடலாம், புழிஞ்ச சக்கைய பாய்லர்ல போட்டா நீராவி ஃப்ரீ. மரவள்ளிக்கு சமைக்கவும் வடிக்கவும் வெளியிலருந்து எரிபொருள் வாங்கணும். எரிபொருள் செய்ய எரிபொருள் வாங்கறதுன்னா எங்க போய் முட்டிக்கறது.

கடைசியா உங்க ஏரியா. சோளத்துல எத்தனால் எடுத்த மிச்சம் புரதம் அதிகமான புண்ணாக்கு மாதிரி, தீவனத்துக்கு நல்ல வெலைக்குப் போகுது, ஆலைக்கு அதுவும் ஒரு வரவு. கிழங்குல புரதம் ரொம்பக் கம்மி, மிச்சம் வர்றது பெரும்பாலும் நார்தான்.

பழைய_ஆலைக்காரர்:

முப்பது வருசம் ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில இருந்தவன் நான், இப்ப ரிட்டையர்டு. தம்பிங்க எழுதறதப் படிச்சேன். சில விசயம் சொல்லணும்.

குச்சிக்காட்டு தம்பி, பாயிண்ட் கம்மின்னு புடிக்கறாங்கன்னு சொன்னீங்க. பாயிண்ட் மிஷின் ஒண்ணும் மாயமந்திரம் இல்ல, கிழங்க காத்துல ஒரு தடவ, தண்ணிக்குள்ள முக்கி ஒரு தடவ எடை போடறதுதான், ஸ்டார்ச் அதிகமா இருக்கற கிழங்கு தண்ணியில கனமா நிக்கும். ஆனா மண்ணோட போட்டா ஒரு கணக்கு, கழுவிப் போட்டா ஒரு கணக்கு, எந்தக் கிழங்க எடுத்து சாம்பிள் போடறாங்கங்கறதுல ஒரு கணக்கு. நான் வேலை பாத்த எடத்துலயே கண்ணால பாத்திருக்கேன், சொல்லக்கூடாது. நீங்க சாம்பிள் எடுக்கும்போது பக்கத்துல நில்லுங்க. மழை பேஞ்சு மறுநாள் புடுங்காதீங்க, அதுலயே ரெண்டு பாயிண்ட் போயிரும்.

வெல ஆடறது இன்னிக்கு நேத்து இல்ல. 2020-ல மாவுப்பூச்சி கேரளாவுல தலை காட்டுச்சு, கொஞ்ச நாள்ல நம்ம காடெல்லாம் நுனி சுருண்டு குருத்து குருத்தா வெள்ளை. ஆப்பிரிக்காவுல பெனின்லருந்து ஒரு குட்டிக் குளவியக் கொண்டாந்து 2022-ல விட்டாங்க, அது போய் பூச்சிக்குள்ள முட்டை வெச்சு கொன்னுச்சு. அந்த சமயம் கிழங்கு தட்டுப்பாடு, வெல ஏறுச்சு, ஏறுனதப் பாத்து ஊரே கரணை வெட்டி நட்டுது, இப்ப விழுந்து கெடக்குது. எத்தனால் ஆலை வந்தாலும் இதே கதைதான் நடக்கும்னு எனக்குத் தோணுது, வாங்கறவன் ஒருத்தன் கூடுவான், அவ்வளவுதான்.

என்சைம் கடையில வாங்கணும்னு நெனைக்காதீங்க. எங்கம்மா புள்ளைங்களுக்கு ராகி முளைகட்டி வறுக்காம நெழல்ல காயவெச்சு அரைச்சு வெச்சிருக்கும். கிழங்கு மாவுக் கஞ்சி கெட்டியா இருந்தா அதுல ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கும், கண்ணு முன்னாடி தண்ணியாயிரும், சக்கரை போடாமலே இனிக்கும். கெமிஸ்ட் தம்பி சொல்ற சமாச்சாரம் அந்த முளையிலயே இருக்குன்னு நெனைக்கறேன். கொதிக்கக் கொதிக்கப் போட்டா மட்டும் ஒண்ணும் ஆகாது.

ஷிப்ட்_கெமிஸ்ட்:

ஐயா நூத்துக்கு நூறு. முளைவிட்ட தானியத்துல அமிலேஸ் தானா ஊறும், விதை தன் ஸ்டார்ச்ச தின்னு முளைக்கறதுக்காக. பீருக்கு பார்லி முளை கட்டறதும் இதுக்குத்தான். முளை என்சைம் 70 டிகிரி தாண்டுனா செத்துடும், அதான் கொதிக்கும்போது போட்டா வேலை செய்யறதில்ல. வறுத்தாலும் அதே கதிதான். உங்கம்மாவுக்கு ஒரு கும்பிடு.

எம்டெக்_மாணவி:

லேட்டா வர்றேன், ஆனா யாரும் இத இன்னும் சொல்லலையேன்னு ஆச்சரியமா இருக்கு. நான் கழிவுநீர்லருந்து பயோகேஸ் எடுக்கறதுல ப்ராஜெக்ட் பண்றேன், சேகோ ஆலைங்களுக்கு சாம்பிள் எடுக்கப் போவேன், அந்த வாடைக்கு மூக்கு பழகவே ஒரு மாசம் ஆச்சு.

அண்ணா, உங்களுக்கு எத்தனாலே வேண்டாம். ஒரு கிலோ ஸ்டார்ச்ச ஈஸ்ட்டுக்குக் குடுத்தா எத்தனால் வருது, காத்து இல்லாத தொட்டில மீத்தேன் பாக்டீரியாவுக்குக் குடுத்தா பயோகேஸ் வருது. ரெண்டுலயும் கெடைக்கற எரிசக்தி கிட்டத்தட்ட ஒண்ணேதான், கணக்குப் போட்டுப் பாத்தா ரெண்டு மூணு சதவீதம்தான் வித்தியாசம். ஆனா எத்தனால தண்ணிலருந்து பிரிக்க வெறகு எரிச்சு வடிக்கணும், கேஸ் தானா மேல வந்துடும். ஸ்டார்ச்ச சமைக்க வேண்டாம், என்சைம் வேண்டாம், அந்த பாக்டீரியா கூட்டமே எல்லாத்தையும் பாத்துக்கும். முக்கியமா குமாஸ்தா சார் பயப்படற சட்டம் இதுக்குக் கெடையாது. சேலத்துல எத்தனையோ சேகோ ஆலையில கழிவுநீர மூடுன தொட்டில விட்டு கேஸ் எடுத்து எரிச்சுட்டுதான் இருக்காங்க.

இன்னொண்ணு, டீசல் இஞ்சின்ல எத்தனால் ஓடாது, பயோகேஸ் ஓடும். காத்து உறிஞ்சற எடத்துல கேஸையும் சேத்து விட்டு, பத்த வெக்க மட்டும் கொஞ்சம் டீசல் போனாப் போதும், நல்லா செட் பண்ணுனா டீசல்ல முக்கால்வாசி மிச்சம். கேஸ்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகுன முட்டை வாடை, அது இஞ்சின அரிச்சிடும், அதனால லேத்து பட்டறையில விழற இரும்புச் சுருள் துருப்புடிச்சத ஒரு குழாய்ல அடைச்சு அது வழியா விடுவாங்க. அளவும் சொல்லிடறேன், ஒரு ஹெச்பிக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை கனமீட்டர் கிட்ட கேஸ் வேணும், உங்க 5 ஹெச்பிக்கு மணிக்கு ரெண்டரை. சும்மா ஊறுகாய் பானை சைஸ் தொட்டி வெச்சுட்டு நாள் பூரா பம்ப் ஓடும்னு நெனைக்காதீங்க, அடுப்புக்கு எரிச்சா வீட்டுக்கு தாராளம்.

குச்சிக்காட்டுக்காரன்:

ரொம்ப நன்றிங்க அம்மிணி, எல்லாருக்குமே நன்றி. ஒரு வாரம் கழிச்சு எழுதறேன்.

அந்த ட்ரம்ம மொதல்ல கவுத்து குப்பக்குழில ஊத்திட்டேன், குமாஸ்தாண்ணன் எழுதுனதப் படிச்சப்புறம் ராத்திரி தூக்கமே வரல.

ஆனா ஐயா சொன்ன ராகி சமாச்சாரத்த பாக்காம விட மனசு வரல. தோல் சீவுன கிழங்கு ரெண்டு கிலோ, தெறந்த பாத்தரத்துல நல்லா வேக வெச்சு மசிச்சேன். கரண்டி நட்டா நிக்குது, அவ்ளோ கெட்டி. பால் சொசைட்டில ஒரு தெர்மாமீட்டர் வாங்கியாந்து 65 டிகிரிக்கு ஆறற வரைக்கும் காத்திருந்து, முளைகட்டுன ராகி மாவு ஒரு கைப்புடி போட்டுக் கலக்குனேன். மொதல்ல ஒண்ணும் தெரியல. அஞ்சு நிமிசம் கழிச்சு கரண்டி லேசா சாஞ்சுச்சு. பத்து நிமிசத்துல கரண்டி பாத்தரத்து ஓரத்துல போய் படுத்துக்கிச்சுங்க. தண்ணி ஒரு சொட்டு ஊத்தல. போர்வையப் போட்டு மூடி ரெண்டு மணி நேரம் வெச்சேன், ரசம் மாதிரி ஆயிருச்சு. பெட்டாடின் சொட்டு விட்டா கருநீலம் வரல, செவப்பு கலந்த காப்பிக் கலர்தான் வந்துச்சு. எங்கம்மா ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டு "வெல்லம் எவ்ளோடா போட்ட"ன்னு கேக்குது.

அதுக்கு மேல ஈஸ்ட் போடல, சாமி சத்தியமா.

இப்ப விசயம் என்னன்னா, எங்க தாத்தா காலத்துல கட்டுன கோபர் கேஸ் தொட்டி கட்டுத்தறிக்குப் பின்னாடி இருக்குது, தினம் ரெண்டு கனமீட்டர் கேஸ் வர்ற சைஸ். பத்து வருசமா யாரும் சீண்டல, உள்ள மண்ணும் செடியும். கொத்தனார் வந்து பாத்துட்டு மேல் மூடில ஒரு விரிசல் இருக்குது பூசிரலாம்னுட்டாரு. மாடு மூணு இருக்குது. வெல போகாத சின்னக் கிழங்கு, முனை, தோலு எல்லாம் சேத்து தினம் எவ்ளோ போடலாம்? தோல்ல விசம் இருக்குதும்பாங்களே, அது தொட்டிய கெடுக்குமா?

எம்டெக்_மாணவி:

சூப்பர் அண்ணா, அந்தத் தொட்டிய விட்டுடாதீங்க!

மொதல்ல ஒரு மாசம் சாணம் மட்டும். சமமா தண்ணி கலந்து ஊத்துங்க, ரெண்டு கனமீட்டர் தொட்டிக்கு தினம் 50 கிலோ சாணம் கணக்கு, மூணு மாட்டுக்கு அவ்வளவு வராது, பரவால்ல. நீல ஜுவாலையோட நிக்காம எரிய ஆரம்பிச்சப்புறம்தான் கிழங்கு. ஒரு கிலோ சாணத்துல 40 லிட்டர் கேஸ் வரும், நாலு கிலோ கிழங்குல ஒரு கிலோ ஸ்டார்ச் இருக்கு, அது தனியா 600 லிட்டர் மேல குடுக்கும். அதாவது நாலு கிலோ கிழங்கு பதினஞ்சு பதினாறு கிலோ சாணத்துக்குச் சமம், உங்களுக்கு இல்லாத இன்னும் ரெண்டு மாடு மாதிரி. ஆனா ஆசைப்பட்டு ஒரே நாள்ல ஒரு மூட்டை கொட்டுனீங்கன்னா உங்க ட்ரம் மாதிரியே புளிச்சுடும், மீத்தேன் பாக்டீரியா புளிப்புல சாகும். மொத வாரம் தினம் அரை கிலோ, அடுத்த வாரம் ஒரு கிலோ, அப்படியே மெல்ல ஏத்தி நாலஞ்சு கிலோவோட நிறுத்திக்கங்க.

தோல்ல இருக்கறது சயனைடு ஆகற சத்து, சதையை விட தோல்ல ஜாஸ்திதான். துருவி ஒரு நாள் தெறந்த வெளில பரப்பி வெச்சுட்டு அப்புறம் போடுங்க, பெரும்பாலும் காத்துல போயிடும். மாடு எட்டற எடத்துல மட்டும் பரப்பாதீங்க.

வெளிய வர்ற குழம்பை தினம் மோந்து பாருங்க. சாண வாடையோ மண்வாடையோ இருந்தா சரி. மோர் வாடை அடிச்சா கிழங்க நிறுத்திட்டு ஒரு வாரம் சாணம் மட்டும் போடுங்க, கூட ஒரு கைப்புடி சுண்ணாம்பு கரைச்சு ஊத்துங்க.

பழைய_ஆலைக்காரர்:

கொத்தனார்ட்ட விரிசல பூசறதுக்கு முன்னாடி தொட்டிய ரெண்டு நாள் தெறந்து போட்டு வெக்கச் சொல்லுங்க தம்பி. உள்ள எறங்கறதுக்கு முன்னாடி விசக்காத்து நிக்குதான்னு ஒரு கோழிய கூடையில கட்டி எறக்கிப் பாக்கணும். எங்க ஆலையில அதப் பண்ணாம எறங்குன ஒருத்தரத் தூக்கறதுக்கு நான்தான் கயிறு புடிச்சேன்.